டார்ச் ஒரு பையில, பேட்டரி ஒரு பையில

இல்லண்ணே, கட்டில் ரெண்டே போதும். மூணாவது போட வேணாம். ஆமா, மூணு பேருன்னுதான் போன்ல சொன்னேன். நான் இல்லேங்கல. கட்டில மட்டும் போடாதீங்க. நீங்க மரவீட்டுச் சாவியத் தேடுங்க, நிதானமாத் தேடுங்க. அந்த ஜீப்புல சாமான் எறக்கறாங்களே, அது எப்ப திரும்பிக் கீழ போகும்? சும்மாதான் கேட்டேன்.

அவங்க உள்ள வரமாட்டாங்கண்ணே. இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. பாறை மேல உக்காந்து முழங்காலத் தடவிக்கிட்டிருக்காரே, அது எங்கப்பா. இந்தப் பக்கம் பைய கீழ போட்டு அது மேலயே உக்காந்து, செருப்புல ஒட்டின சேத்தக் குச்சியால சொரண்டறாங்களே, அது எங்கம்மா. எவ்வளவு பெரிய எடம், எங்க வேணா உக்காரலாம். சரியா முதுகுக்கு முதுகு வர்ற மாதிரி உக்காந்திருக்காங்க பாருங்க. அதுக்கும் ஒரு பழக்கம் வேணும்ல. அப்பப்ப இந்தக் கதவப் பாக்கறாங்களா? பாக்கட்டும்.

சண்டையெல்லாம் இல்லண்ணே. சண்ட போட்டாத்தான் பரவால்லயே. பேசிக்க மாட்டாங்க. ஆறு வருஷமாச்சு. எங்க வீடு ஒரு ரூமு, ஒரு சமையக்கட்டு, அவ்வளவுதான். உங்கப்பாவ சாப்பிட வரச்சொல்லுன்னு அம்மா அடுப்புகிட்டருந்து சொல்வாங்க. அவரு மூணடி தள்ளி உக்காந்திருப்பாரு. காது நல்லாக் கேக்கும். லேத் பட்டறையில அத்தன சத்தத்துல வேல பாத்தும் அந்தக் காதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அசைய மாட்டாரு. நான் திரும்பி, அப்பா சாப்பிட வாங்கன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பாரு. வந்து உக்காந்ததும் ஆரம்பிச்சிரும். உப்பு கம்மின்னு உங்கம்மாகிட்ட சொல்லு. உப்புப் போட்டா பிரஷர் ஏறும்னு உங்கப்பாகிட்ட சொல்லு. ஏறினா ஏறிட்டுப் போகுதுன்னு சொல்லு. நான் எடுத்த வாய்ச்சோறு கையிலயே இருக்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையத் திருப்பிக்கிட்டே இருப்பேன், டேபிள் ஃபேன் மாதிரி.

அப்படியே சொல்லிட மாட்டேண்ணே. சூடா வர்றத கொஞ்சம் ஆறவச்சுத்தான் குடுப்பேன். எங்கயாவது தொலையச் சொல்லுன்னு அம்மா சொன்னா, நேரத்தோட வந்துரச் சொன்னாங்கப்பான்னு சொல்வேன். அவரும் சரின்னுவாரு. அம்மா சொன்னது அவரு காதுலயும் விழுந்துதான் இருக்கும். இருந்தாலும் நான் சொன்னதுக்குத்தான் பதில் சொல்வாரு.

நான் வீட்ல இல்லேன்னாவா? செவுத்துக்கிட்ட பேசுவாங்க. கேஸ் தீந்துபோச்சுன்னு அம்மா செவுத்துக்கிட்ட சொல்வாங்க. நாளைக்கு வரும்னு அப்பா காலண்டர்கிட்ட சொல்வாரு. சிரிங்க, பரவால்ல. நானே சிரிச்சிருக்கேன்.

காரணமா? நான்தான் காரணம். என் படிப்புதான்.

பன்னெண்டாவது முடிச்சிருந்தேன். எங்க ரெண்டு பக்கத்துலயும் காலேஜ் வாசல மிதிச்ச ஆளு கெடையாது. பட்டறை ஆபீஸ்ல ஒரு சேர் காலியா இருக்கு, பொண்ணு வந்து உக்காரட்டும்னு முதலாளி சொல்லியிருந்தாரு. அப்பா அதையே புடிச்சுக்கிட்டாரு. அவர் கெட்டவர் இல்லண்ணே. பயம். தெரியாத எடத்துக்குப் பொண்ண அனுப்பற பயம். காலேஜ் ஃபாரத்துல கையெழுத்துப் போட வாங்க வாங்கன்னு அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. கடைசி நாளும் வந்திருச்சு. அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில துணி மடிக்கிறவங்க. அர நாள் லீவு போட்டுட்டு, கையில சோப்பு வாசன போகாமலே என்ன இழுத்துக்கிட்டுப் போனாங்க. காலேஜ் கவுண்டர்ல இருந்த ஒரு அம்மா, பொண்ணோட அப்பா எங்கன்னு கேட்டாங்க. எங்கம்மா அர நிமிஷம் யோசிச்சிருப்பாங்க. செத்துட்டாருங்கன்னாங்க.

ஆமாண்ணே, அப்படியேதான். உடனே அம்மா கையெழுத்தே போதும்னுட்டாங்க.

அந்தக் கவுண்டர் அம்மாவோட தம்பி, எங்கப்பா பட்டறையிலதான் வேல பாக்கறாருன்னு யாருக்குத் தெரியும்? மறுநாள் காலைல அப்பா உள்ள நுழையறப்பவே, என்னண்ணே, செத்தவரு வேலைக்கு வந்துட்டீங்கன்னு கேட்டு மொத்தப் பட்டறையும் சிரிச்சிருக்கு. சாயங்காலம் வந்தாரு. சாப்பாட்டு டப்பாவ எடத்துல வச்சாரு. இனிமே நான் செத்தவன், செத்தவன் பேசமாட்டான்னாரு. கூப்பிட்டா வராதவரு இருந்தா என்ன, செத்தா என்னன்னாங்க அம்மா. அதோட சரி.

என்கிட்ட மட்டும் எப்படிப் பேசறாருன்னு நானும் கேட்டிருக்கேன். நீயா சொன்ன, உங்கம்மாதானே சொன்னான்னாரு. வக்கீலாப் போயிருக்கலாம்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மூணு வருஷமும் தெனம் என்ன சைக்கிள்ல வச்சு மிதிச்சுக் காலேஜுக்குக் கொண்டு விட்டது அவருதான். கேட்டுக்கு நாலு கடை தள்ளியே நிறுத்துவாரு. ஏம்ப்பா, கேட்டு வரைக்கும் வரலாம்லன்னா, செத்த ஆளப் பாத்தா அந்தக் கவுண்டர் அம்மா பயந்துருவாங்கன்னுவாரு. பட்டம் வாங்கின அன்னிக்கு எடுத்த போட்டோ வீட்ல மாட்டியிருக்கு. ரெண்டு போட்டோ. ஒண்ணுல நானும் அம்மாவும், ஒண்ணுல நானும் அப்பாவும். நடுவுல ஆணி அடிக்க எடம் விட்டு வச்சிருக்கேன்.

பாப்பான்னு கூப்பிடாதீங்கண்ணே, இருபத்தி மூணு ஆகுது. பெரியவங்க விஷயத்துல நீ ஏன் தலையிடறேன்னு நீங்க மட்டும் இல்ல, எல்லாருமே கேட்டாச்சு. நான் எங்கண்ணே தலையிட்டேன்? என் தலையத்தானே நடுவுல வச்சிருக்காங்க. எங்க மாமா ஒருத்தரு, பொட்டப்புள்ளைய படிக்க வச்சா வீடு இப்படித்தான் ஆகும்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரு. நான் எழுந்து சொன்னேன், நான் படிச்சதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன், அவங்க பேசாததுக்கு என் படிப்பு மேல பழி போடாதீங்கன்னு. சொல்லிட்டேன். இப்பவும் அதான் சொல்றேன்.

அதனாலதான் இந்த மலை. நாங்க இதுவரைக்கும் ஊரு விட்டு ஊரு போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். டிவி இல்லாத எடம், போன் சிக்னல் இல்லாத எடம், அக்கம்பக்கத்துல ஆள் இல்லாத மரவீடுன்னு தேடித் தேடிப் புடிச்சேன். நீங்க கீழ ஊர்ல இருந்தப்ப உங்ககிட்ட போன்ல திருப்பித் திருப்பிக் கேட்டேனே, சிக்னல் நெசமாவே இல்லையான்னு? எல்லாரும் இருக்கான்னு கேப்பாங்க, நீ என்னம்மா இப்படிக் கேக்கறேன்னு சொன்னீங்களே. உங்கம்மா வர்றாளான்னு அவர் கேட்டாரு. அவர் வர்றாரான்னு இவங்க கேட்டாங்க. வந்து பாத்துக்கோங்கன்னுட்டேன்.

ஜீப்புல வந்திருக்கலாம்தான். வேணும்னுதான் நடந்து வந்தோம். அப்பா முன்னாடி விறுவிறுன்னு போயிட்டாரு, அம்மா பின்னாடி. உங்கப்பாவ மெதுவாப் போகச் சொல்லு. உங்கம்மாவ சீக்கிரம் வரச்சொல்லு. மேல ஓடி, கீழ ஓடி, அவங்க ஒரு மலை ஏறினா நான் மூணு மலை ஏறியிருக்கேன். பாதி வழியில ஒரு ஓடை வந்துச்சுல்ல, அங்க நின்னுட்டேன். செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அப்பா அந்தக் கரையில. அம்மா இந்தக் கரையில, கல்லு மேல கால வச்சுட்டு, எடுக்கவும் முடியாம ஊணவும் முடியாம. என்னப் பாத்தாங்க. நான் நிமிரல. அப்பா கைய நீட்டினாரு, வானத்தப் பாத்துக்கிட்டே. அம்மா புடிச்சாங்க, மரத்தப் பாத்துக்கிட்டே. அக்கரைக்குப் போனதும் ரெண்டு பேரும் சூடு பட்ட மாதிரி கைய உதறிக்கிட்டாங்க. அப்புறம் அப்பா என்கிட்ட கத்தறாரு, கல்லு வழுக்குதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லுன்னு. தாண்டினதுக்கு அப்புறம்.

அது போதும்ணே எனக்கு.

நாளைக்குக் காலைல உச்சிக்குப் போற பாதைய மட்டும் காட்டி விடுங்க. கூட ஆள் அனுப்பாதீங்க. வெள்ளப் பெயின்ட் அடிச்ச கல்லப் பாத்துக்கிட்டே போனா வழி தப்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கல்லப் பாக்க அம்மாவுக்குக் கண்ணாடி வேணும். அது அப்பா பையில இருக்கு. அப்பாவோட பிரஷர் மாத்திரை அம்மா பையில. டார்ச் அம்மா பையில, பேட்டரி அப்பா பையில. நேத்து ராத்திரி முழுக்க உக்காந்து மாத்தி மாத்தி வச்சேன். கரண்டு அடிக்கடி போகும்னு சொன்னீங்கள்ல? போகட்டும்.

உங்கள எச்சரிக்கணும் ஒண்ணு. அந்தாளுகிட்ட சொல்லுங்கன்னு அம்மா உங்ககிட்ட வருவாங்க. அவகிட்ட கேளுங்கன்னு அப்பா வருவாரு. ரெண்டு பேருமே பாவமா மூஞ்சிய வச்சுப்பாங்க. மாட்டிக்காதீங்க. ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா அப்புறம் உங்களையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க.

நானா? நான் ஜீப்புல கீழ போறேன்.

அதாண்ணே, அதான் கட்டில் ரெண்டே போதும்னேன். தண்ணி சுத்தம் பண்ற நெலையத்துல, லேப்ல வேல. நான் படிச்ச படிப்புக்கான வேல. மூணாவது தடவையாக் கூப்பிடறாங்க. ரெண்டு தடவையும் வரலேன்னு சொல்லிட்டு, தெருமுனைக் கடையில பில் போட்டுக்கிட்டிருந்தேன். நான் போயிட்டா அப்பாவ சாப்பிடக் கூப்பிட யாரு இருக்கா?

இந்தத் தடவை வர்றேன்னுட்டேன். திங்கக்கிழமை சேரணும்.

வீட்ல சொல்லாம இல்லண்ணே. நான் திருட்டுத்தனமாப் போகல. ஓடையத் தாண்டினதும் அம்மாகிட்ட சொன்னேன், எனக்கு வேல கெடச்சிருக்கும்மா, திங்கக்கிழமை சேர்றேன்னு. எந்த ஊர்லன்னாங்க. அப்பாவுக்குத் தெரியும்னேன். முன்னாடி ஓடி அப்பாகிட்ட ஊரச் சொன்னேன், அங்க போயித் தங்கப்போறேம்ப்பான்னு. எதுக்குன்னாரு. அம்மாவுக்குத் தெரியும்னேன். அதான் ரெண்டு பேரும் அப்பலேருந்து இந்தக் கதவையே பாத்துக்கிட்டிருக்காங்க.

வெளிய வந்தேன்னா என்கிட்டதான் கேப்பாங்க. வரப்போறதில்ல. நான் பத்திரமா ஜீப்புல போயிட்டேன்னு மட்டும் நீங்க சொல்லுங்க, ரெண்டு பேரையும் நிக்க வச்சு, ஒரே தடவை. கெடச்சிருச்சா சாவி? அம்மா கையில குடுங்க. பூட்டு இறுகலா இருக்குன்னு சொன்னீங்கள்ல, அத அப்பாதான் தெறக்கணும்.

என்ன, எழுந்துட்டாரா? எனக்குச் சொல்லாதீங்கண்ணே. எந்தப் பக்கம் நடக்கறாருன்னும் சொல்லாதீங்க, அப்புறம் நான் போகமாட்டேன். இந்தப் பின்கதவு வழியாப் போனா ஜீப்புகிட்ட போயிரலாம்தானே?