நீளப் பேர்

ஜெமீல்: ...அப்ப பாஸ்வேட்டை ஆருக்கும் குடுக்கேல்ல?

கோணேஸ்வரி: இல்ல எண்டு எத்தினை தரம் சொல்லுறது, சேர்?

ஜெமீல்: மனேச்சர் கிளிவெட்டியில, செத்த வீட்டில. அவர் மறிச்சு வைச்ச சீமெந்து லொறி துறைமுகத்தை விட்டு எப்பிடி வெளிய போச்சு? பறந்ததோ?

கோணேஸ்வரி: லொறிக்குக் கேற் பாஸ் அடிச்சுக் குடுத்தது உங்கட கொம்பியூட்டர். அதைக் கேளுங்கோ.

ஜெமீல்: பகிடி விடாதேங்கோ, மிஸ். கொழும்பில இருந்து கொண்டுவந்து இந்த மெஷினைப் பூட்டித் தந்ததே நான்தான். அதில ஓட்டை இல்ல.

கோணேஸ்வரி: ஓம், ஓம்... தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. வெளிய வாங்கில குந்தி இருக்கிற பிள்ளை ஆர்?

ஜெமீல்: அசனா... சொந்தக்காரப் பிள்ளை. நிலாவெளி கடல் பாக்க வந்தவ. கதையை மாத்தாதேங்கோ! அந்த லொறி றைவர் உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?

கோணேஸ்வரி: கிண்ணியா கலீலுர் றஹ்மான். கேற்றில காணுறதுதான்.

ஜெமீல்: ம்... அவற்ற பேரை என்னெண்டு அடிச்சனீங்கள்?

கோணேஸ்வரி: வாப்பாட பேரும் சேத்து, முழுசா. கிண்ணியாவில எத்தினை கலீலுர் றஹ்மான்! தகப்பன் பேரை விட்டா கோவிப்பினம்... ஏன் சேர், முகம் மாறுது?

ஜெமீல்: ஒண்டுமில்ல. கொழும்பில இனிஷியல்தான் அடிக்கிறது...

கோணேஸ்வரி: அதுதான் அங்க பிடிபடேல்ல. பேருக்கு நீங்கள் விட்ட இடம் சின்னன். மிச்ச எழுத்து எங்க போகும்?

ஜெமீல்: வெட்டுப்படும்...

கோணேஸ்வரி: வெட்டுப்படாது. பக்கத்து இடத்துக்குள்ள வழியும். அது மனேச்சற்ற அனுமதிக்கு விட்ட இடம். அதில எந்த எழுத்து விழுந்தாலும், மனேச்சர் ஓம் எண்டிட்டார் எண்டு மெஷின் நினைக்கும்.

ஜெமீல்: ஒப்பரேட்டிங் சிஸ்டம் அதை மறிக்க...

கோணேஸ்வரி: எங்க மறிக்குது? எல்லாரையும் ஒரே பாயில படுக்க வைச்சிருக்கிறியள். நடுவில சுவரில்ல. ஒருத்தர் காலை நீட்டினா மற்றவற்ற இடம்.

ஜெமீல்: இதை ஆர் சொல்லித் தந்தது?

கோணேஸ்வரி: பல்கலைக்கழகத்தில கணிதம் படிச்சவளுக்கு எழுத்து எண்ண ஏலாதோ? சோதிச்சுப் பாப்பம். றைவர் பேருக்கு உங்கட பேர்... ஜெமீல். பாத்தீங்களோ, அனுமதி இல்லையாம். இனி முழுப் பேரைச் சொல்லுங்கோ.

ஜெமீல்: முகம்மது அபூதாஹிர் அப்துல் ஜெமீல்.

கோணேஸ்வரி: வடிவான பேர். அடிச்சிட்டன்.

ஜெமீல்: அல்லாஹ்... அனுமதி உண்டு எண்டு வருது!

கோணேஸ்வரி: இனி என்ன சொல்லுறியள்?

ஜெமீல்: மெல்லக் கதையுங்கோ... இது எங்கட ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், மிஸ். இந்த மெஷினைக் காலித் துறைமுகத்துக்கும் விக்கப் போறம். வெளிய தெரிஞ்சா நான் துலைஞ்சன்.

கோணேஸ்வரி: அப்ப என்ர வேலை?

ஜெமீல்: விசாரணை முடியட்டும், பாப்பம்... பொறுங்கோ, அதென்ன லொறிச் சத்தம்? கேற்றைத் திறக்கிறாங்கள்!

கோணேஸ்வரி: பயப்பிடாதேங்கோ, சாமான் ஏத்தாத வெறும் லொறி. நான்தான் கேற்றடியில நிப்பாட்டி வைச்சனான். பாஸ் மட்டும் உண்மை... உங்கட பேரில பதிஞ்சிருக்கு.

ஜெமீல்: சோதனை எண்டுதானே சொன்னீங்கள்!

கோணேஸ்வரி: நீங்களும் விசாரணை எண்டுதானே சொன்னீங்கள்? வாங்கில இருக்கிற அசனாவுக்கும் நான்தான் தேத்தண்ணி குடுத்தனான், சேர். நிலாவெளி பாக்க வந்தவவுக்கு நாளையில இருந்து என்ர வேலையும் கதிரையுமாமே!