அன்பரசி மறந்த விடையும் ஆசிரியர் மறக்காத அன்பரசியும்

நெல்லிவாசல்நாட்டு நெஞ்சங்களில் நீங்கா இடம்பெற்ற நல்லாசானே! உளவியலில் முதுகலை முடித்து, அறிவியல் ஆசிரியராக மலையேறி வந்து, இன்று பணி நிறைவு பெறும் ஐயா தங்கவேல் அவர்களே! வாழ்த்த வந்துவிட்டோம்; வழியனுப்பத்தான் மனம் வரவில்லை.

"மறந்துட்டியா?" என்று நாங்கள் மாணவரை மிரட்டியபோது, "எதனால மறந்த?" என்று மெல்லக் கேட்டவர் தாங்கள். கவனிக்காதது மனத்தில் பதிவதே இல்லை; புதுப்பாடம் பழம்பாடத்தை மூடிக்கொள்ளும்; தாங்க முடியாததை மனமே ஒளித்துவைக்கும் என்று எங்களுக்கும் வகுப்பெடுத்தீர்கள். வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பள்ளி முழுக்கத் தேடிய நாளிலும், "இது மறதி இல்லைங்க, கவனிக்கவே இல்லைங்க" என்று விளக்கம் தந்த வித்தகரே!

படித்த இடம் மாறினால் படித்ததும் வர மறுக்கும் என்பது தங்கள் தலையாய பாடம். அதனால்தான் ஆண்டுதோறும் பொதுத்தேர்வுக்கு முன்பே பிள்ளைகளை ஜீப்பில் அடிவாரத்துத் தேர்வு மையத்துக்கு அழைத்துப்போய், அந்த அறையிலேயே உட்காரவைத்துப் படிக்கவைத்தீர்கள். ஒரே ஓர் ஆண்டு, ஜீப்பெல்லாம் புளி மூட்டை ஏற்றப் போய்விட, "இந்த வாட்டி நேரா பரீட்சைக்கே போய்க்கலாம்" என்றீர்கள்.

வகுப்பில் முதலாவதாக வந்த பெரியம்மாள் மகள் அன்பரசி, முன்பின் பார்த்திராத அந்த அறையில், அறிவியல் தாளின்முன் உறைந்துபோனாள். தேறவில்லை. மறுதேர்வுக்கு அழைக்கத் தாங்கள் வீடு தேடிப் போவதற்குள் அவளுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. தேறிய பிள்ளைகள் பலரின் பெயர் தங்களுக்கு மறந்துபோயிற்று. அவள் பெயர் மட்டும் மறக்கவில்லை. முடிந்த வேலையை மனம் இறக்கிவைத்துவிடும், முடியாததைத்தான் சுமக்கும் என்று அதற்கும் காரணம் சொன்னீர்கள். காரணம் தெரிந்தும் வலி குறையவில்லையே ஐயா!

இந்த விழாவுக்கு அழைக்க அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். சாமை புடைத்துக்கொண்டிருந்தவள், "அந்த வருசமே எனுக்கு மறந்துபோச்சுங்க" என்றாள். சரியென்று திரும்பினோம். பின்னாலேயே குரல் வந்தது.

"பரீட்சையில, எல எப்டி வெயில்ல சாப்பாடு செய்யுதுன்னு கேட்டிருந்தாங்க. வெளிய வந்ததும் முழுசா வந்துடுச்சுங்க. இப்பக்கூட சொல்லுவேன். சார் மூஞ்சில முழிக்கத்தான் வெக்கமா இருக்குதுங்க."

அவள் இழந்த ஆண்டுகளைத் தங்களாலும் எங்களாலும் திருப்பித் தர முடியாது. அந்த வருத்தம் இந்தச் சால்வைக்குள் அடங்காது. ஆனாலும் அவள் இன்று வந்திருக்கிறாள்.

நோய்நொடி அண்டாமல், நிம்மதியான உறக்கத்தோடு நீடு வாழ்க, நல்லவரே! மேடையை விட்டு இறங்கியதும் பத்தாம் வகுப்பு அறைக்கு வாருங்கள். அவள் தன் பழைய பெஞ்சில் காத்திருக்கிறாள். விடையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
பள்ளி ஆசிரியர்கள், அலுவலர்கள்