முதல் போட்டது யார்

— எழுத மாட்டேன், ஓகா. நீங்க முதலாளியா இருந்தாலும், இன்னும் பத்துத் தடவை கேட்டாலும் இதேதான்.

— கேளு கேகோ, பொறுமையாக் கேளு. பெரிசா ஒண்ணும் எழுதச் சொல்லல. சரக்கு குறையுதுன்னு ஒரு வரி. குறைஞ்சது இசூ பொறுப்புல இருந்தப்பன்னு இன்னொரு வரி. கீழ உன் கையெழுத்து. ரெண்டு வரிக்கு இவ்வளவு வாயா?

— அந்த ரெண்டு வரியில ஒருத்தனோட ஏழு வருஷம் போயிடும். உங்க வீட்டுல படுத்து, உங்க காரைக் கழுவி, உங்க பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டு, இந்தக் கடையைத் திறந்து மூடினவன். சம்பளம்னு ஒரு நைரா வாங்கல. அதுக்குப் பதிலா, வழக்கப்படி, சனிக்கிழமை நீங்க அவனுக்குக் கடை வெச்சுக் குடுக்கணும். இன்னிக்கு வியாழக்கிழமை, திருடன்ங்கறீங்க. இந்தக் கதை தெரியாத ஆள் ஒனிட்ஷாவுல இருக்கானா?

— கத்தாத. பக்கத்துக் கடைக்குக் கேக்கும்.

— கேக்காது. அவன் ஜெனரேட்டர் போட்டிருக்கான்.

— நீ எனக்கு டாக்ஸ் கணக்குப் போட வந்தவ. வக்கீலாட்டம் பேசற. கால்குலேட்டருக்கு வாய் முளைச்ச மாதிரி.

— முளைச்சிடுச்சு. எங்கப்பா ஆத்தங்கரையில மூட்டை தூக்கி என்னைப் படிக்க வெச்சார். பொய்க்கணக்குதான் எழுதணும்னா அதுக்குப் படிப்பு எதுக்கு?

— சரி, என் நிலைமை உனக்குத் தெரியாதா? நைரா விழுந்ததுல பாதி முதல் போச்சு. இவனுக்குக் குடுத்தா நான் ஒரு கடையை மூடணும். நேத்து வரைக்கும் எனக்குத் தண்ணி மோந்து குடுத்தவன் எதிர்ல உட்கார்ந்து அதே பைக் செயினு, அதே பிரேக் கட்டை விப்பான். நான் பார்த்துக்கிட்டு உட்காரணும்.

— கையில இல்ல, அடுத்த வருஷம் தர்றேன்னு வியாபாரிங்க சங்கத்துல சொல்லுங்க.

— சொன்னா மறுநாளே சரக்கு அனுப்பறவன் கடனை நிறுத்திடுவான். ஓகா ஒக்வுடிலி மூழ்கிட்டான்னு என்னை ஊரே பேசும்.

— அதனால பையன் திருடன்.

— அவன் ஒண்ணும் யோக்கியன் இல்ல. பெட்டியில கை வெச்சான். என் கண்ணால பார்த்தேன்.

— எப்போ?

— அவங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ. எப்பவா இருந்தா என்ன, எடுத்தானா இல்லியா?

— எடுத்தான். எனக்கும் தெரியும். திருப்பி வைக்கல, அதுவும் தெரியும்.

— பின்ன என்ன? பேனாவை எடு.

— எடுக்கறேன். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு பார்த்தேன், அதைக் கேளுங்க. யார்கிட்டயாவது சொல்லணும், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது.

— சொல்லித் தொலை.

— இந்தக் கடை வரிசையில டாக்ஸ் படிவம் நிரப்பறது நான்தான். தொழிலுக்கு முதல் போட்டது யாருன்னு அதுல ஒரு கேள்வி. பேங்க்கான்னு கேட்டா சிரிக்கிறாங்க. ஒபியோராவைக் கேட்டேன், மூலைக்கடை இஃபேயாடி குடுத்தார்ங்கறான். இஃபேயாடியைக் கேட்டா டயர்க்கடைக்காரரைக் காட்டறார். அவர் இன்னொருத்தரை. எனக்குப் பிடிச்சுக்கிச்சு. கடை கடையா ஏறி இறங்கினேன். ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்க மாட்டான், விலையைக் குறைச்சு அடிச்சுக்குவான். ஆனா முதல் அந்த எதிரி கையிலிருந்துதான் வந்திருக்கு.

— இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அவனவன் முதலாளி அவனவனுக்குக் கடை வெச்சுக் குடுப்பான்.

— அவனவனுக்கு அவன் முதலாளியைத் தெரியும். மொத்தமா யாரும் பார்க்கல, ஓகா. நான் பார்த்தேன். எல்லாரும் காட்டற கை ஒரே ஆள்கிட்டப் போய் நிக்குது. ஏஜிந்துன்னு ஒரு அம்மா. உள்நாட்டுப் போர்ல நாம தோத்தப்போ, பேங்க்ல எவ்வளவு போட்டிருந்தாலும் சரி, ஆளுக்கு இருபது பவுண்டுன்னு குடுத்து அனுப்பிச்சாங்களே, அந்த இருபது பவுண்டை வெச்சு சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட உட்கார்ந்தவங்க. புருஷன் போர்லேர்ந்து திரும்பல. அனாதைப் பசங்க ரெண்டு பேரைக் கூட வெச்சுக்கிட்டு, வளர்ந்ததும் ரெண்டு பேருக்கும் கடை வெச்சுக் குடுத்திருக்காங்க.

— ஏஜிந்து. முன்னோரை வேண்டிக் கோலாக்கொட்டை உடைக்கும்போது என் முதலாளி அனயெத்தோ அந்தப் பேரைச் சொல்வார். யாருன்னு நான் கேட்டதில்ல.

— இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் அசாபாவுல, லாகோஸ்ல, எங்கெங்கயோ ஷட்டர் தூக்கறானுங்களே, அத்தனை பேரும் அந்த இருபது பவுண்டு. அது இன்னும் சாகல. நான் படிச்ச எந்தப் பாடத்துலயும் இது இல்ல. நடு ரோட்டுல நின்னுட்டேன், பைக் ஓட்டறவன் திட்டிட்டுப் போனான். சர்ச்சுலகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்ல.

— அதுக்கு இப்ப என்ன?

— அப்படிப் படர்ந்து வந்த கொடியைத்தான் என் பேனாவால அறுக்கச் சொல்றீங்க.

— சரி, விடு. திருடன்னு எழுத வேண்டாம். சனிக்கிழமை குடுத்துடறேன். ஆனா எடுத்ததைக் கழிச்சுக்குவேன், வட்டியோட. அதுல என்ன தப்பு? சங்கமே ஒத்துக்கும்.

— கழிச்சா மிஞ்சறதுல தட்டுல போல்ட் நட் வெச்சுத் தலையில தூக்கிக்கிட்டு அலையலாம். கடை வைக்க முடியாது.

— பெட்டியில கை வைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். என் முதலாளியா இருந்தா தோலை உரிச்சிருப்பார்.

— அவர் வீட்டுக்கும் போனேன்.

— அவர் செத்து எத்தனையோ காலமாச்சே.

— அவர் சம்சாரம் இருக்காங்க. உங்க கடைக்கு அவர் போட்ட முதல் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்கத்தான் போனேன். ஊர்ல கட்டிக்கிட்டிருந்த வீட்டுக்கு வாங்கி வெச்ச கூரைத் தகட்டை வித்தாராம்.

— தகட்டையா? எதுக்கு? அப்ப வியாபாரம் நல்லாத்தானே ஓடுச்சு.

— ஓடுச்சு. பெட்டியிலதான் குறைஞ்சுது.

— கேகோ.

— நான் தோண்டிக் கேக்கல. அவங்களாச் சொன்னாங்க.

— அவருக்குத் தெரியுமா?

— நீங்க எடுக்க ஆரம்பிச்சப்பவே தெரியுமாம். கழிச்சுக்கிட்டுக் குடுங்கன்னு இந்தம்மா சண்டை போட்டிருக்காங்க. கழிச்சா கடைக்காரன் போயிடுவான், திருடன்தான் மிஞ்சுவான்னாராம்.

— அந்த வீடு மழையில கரைஞ்சே போச்சு. கூரை போடத் துப்பில்லாத கஞ்சன்னு பசங்க எல்லாரும் சிரிச்சோம். நான்தான் ஜாஸ்தி சிரிச்சேன்.

— இசூவுக்கு எவ்வளவு எழுதட்டும், ஓகா?

— முழுசா.