உப்பிய ஆறு குட்டிகளுக்குக் கொடுத்த பால்

என் பெயர் கவிப்பிரியா, வயது 29, கணவர் பெயர் அருள்குமார். மடத்துக்குளம் வட்டம் கணியூரில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். ஊருக்கு வெளியே உள்ள தனியார் ஆராய்ச்சிப் பண்ணையில் பன்றிக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் வேலை செய்கிறேன். அதற்கு முன் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் செக்கிங்கில் இருந்தேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

சென்ற வருடம் எனக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. எனக்குப் பால் ஊறாததால் பவுடர் பால் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வயிறு உப்பி இறந்துவிட்டான். குடல் அழுகிவிட்டது என்றார்கள். எப்படி அழுகும் என்று கேட்டதற்கு யாரும் எனக்கு விளங்கும்படி சொல்லவில்லை. அதன் பிறகு, பன்றிக் குடலும் மனிதக் குடலும் கிட்டத்தட்ட ஒன்று, குறைமாதக் குட்டிகளை வைத்து அதே நோயைப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பண்ணையில் சேர்ந்தேன். பன்றி வேலைக்கா என்று சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இம்மாதம் 3ஆம் தேதி ஆராய்ச்சி டாக்டர் மாதவன் இரண்டு சினைப்பன்றிகளுக்கு ஆபரேஷன் செய்து, நாள் ஆகுமுன்பே இருபது குட்டிகளை எடுத்தார். பத்துக்குத் தாய்ப்பன்றிப் பால், பத்துக்குப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த புதுப் பவுடர் பால். ஐந்தாம் நாள் மயக்க ஊசி போட்டு எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார்கள். ஆனால் பிறந்த இரண்டாம் நாளே பவுடர் குட்டி ஒன்றின் வயிறு உப்பியது. தொட்டால் என் மகன் வயிறு மாதிரியே கல்லாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. செக்கிங்கில் தையல் விட்ட பீஸ் கிடைத்தால், சூப்பர்வைசர் திட்டுவார் என்று நானே தைத்துச் சத்தமில்லாமல் கட்டுக்குள் செருகிவிடுவேன். அதே பழக்கத்தில், ஃபிரிட்ஜில் பாக்கெட்டில் இருந்த பன்றிப் பாலை எடுத்து அதற்குக் கொடுத்தேன். அடுத்தடுத்து உப்பிய ஐந்துக்கும் கொடுத்தேன். நோட்டில் பவுடர் என்றே எழுதினேன்.

ஐந்தாம் நாள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். நான் கவனிக்கத் தவறிய ஒரு குட்டியின் குடல் மட்டும் கருத்து, தொட்டதும் கிழிந்தது. என் மகனுக்கு உள்ளே நடந்ததை அன்றுதான் பார்த்தேன். அழுகை வந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. மற்றவை நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தன.

டாக்டர் துள்ளிக் குதிக்காத குறை. "பத்துல ஒம்பது தப்பிச்சிருச்சுங்க! இந்தப் பவுடரு ஆஸ்பத்திரிக்கே போயிரும்ங்க" என்றார். ஆறு தப்பியது பவுடரால் அல்ல, நான் கொடுத்த பன்றிப் பாலால். அதன் பிறகு பால் பாக்கெட் குறைகிறது என்று பண்ணை நிர்வாகம் புகார் கொடுத்து, வாட்ச்மேன் தங்கதுரையை இங்கே உட்கார வைத்திருப்பதை அறிந்து வந்தேன். எடுத்தது நான்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அந்த ஆளுக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிருக்கும். வேலை போயிருமே கண்ணு, பேசாம இருந்திருக்கலாமல்ல?" என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்.

"போகட்டுங்க. அந்தப் பவுடரை இன்னொருத்தி புள்ளைக்கு ஊத்திப்போடுவாங்கல்லங்க" என்றேன்.

டாக்டருக்கு இங்கிருந்தே போன் செய்து சொன்னேன். இந்தக் கணக்கு செல்லாது, இன்னும் இருபது குட்டிகளை வைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். அவற்றிலும் சில உப்பும். அப்போது பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் இனி அந்த வேலைக்கு என்னைச் சேர்க்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். முடிவு மட்டும் தெரிவிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) அ. கவிப்பிரியா