உங்கட பத்து நாள்

“அந்தத் தேக்கு அலுமாரி உங்கட பத்து நாள்.”

திருகோணமலையிலிருந்து புறப்பட்ட குச்சவெளி பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன். பக்கத்தில் கணவர், கையில் தளபாடக் கடை விலைப்பட்டியல். கப்பலில் வேலை செய்பவர், இரண்டு கிழமைக்கு முன்புதான் லீவில் வந்திருக்கிறார் என்பது அவர்களுடைய கதையிலேயே தெரிந்தது.

“விலையைக் கேட்டா நாளைச் சொல்லுறீர்.”

“நீங்கள் கடலில நிக்கிற நாள்தானே அதின்ர விலை. அலுமாரி பத்து நாள். மேல்வீடு கட்டினா ஒண்டரை வருஷம்.”

“மாசம் இவ்வளவு காசு வந்தும் பிளாஸ்டிக் கதிரைதான் கிடக்கு. சனம் பாத்துச் சிரிக்குது.”

“சிரிக்கட்டும். போன எட்டு மாசம் அந்தக் கதிரையில இருக்கிறதுக்கு நீங்கள் வீட்டில இல்லையே.”

“அப்ப பாங்கில கிடக்கிற காசு?”

“அது நீங்கள் வீட்டில நிக்கிற நாள். ரெண்டு வருஷம் சேர்ந்திருக்கு. இந்த முறை போகாட்டிலும் சமாளிக்கலாம்.”

உப்புவெளியில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. நிலாவெளி வந்தபோது கணவர் விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நேற்று வான் ஒண்டு வாங்க அட்வான்ஸ் குடுத்திட்டன். உமக்குச் சொல்லேல்லை.”

“எவ்வளவு?”

அவர் ரூபாயில் சொல்லவில்லை.

“ஒரு மாசம்,” என்றார்.