காலை நீட்டி இருங்க தம்பி

இல்லல்ல, நான் கேட்டுக்கொண்டுதான் இரிக்கன், நீங்க சொல்லுங்க. இந்த வெயிலுக்குள்ள ஆத்தத் தாண்டி, ஆமிட சென்றிக் காவலடியில சைக்கிள உருட்டி, இவ்வளவு தூரம் வந்து சொல்லுறீங்க, கேக்காம இரிக்க ஏலுமா? முதல்ல காலை நீட்டி இருங்க. எதுக்கு அப்பிடி மடக்கி வைச்சுக்கொண்டு, பாய் பெரிசுதானே. செருப்பு வாசல்லயே கிடக்கட்டும், நாய் தூக்காது. நாயையும் சுட்டுப்போட்டாங்க.

தேத்தண்ணியக் குடிங்க. சீனி இல்ல, சக்கரைக் கட்டிதான் கிடந்திச்சு, கடிச்சுக் குடிங்க.

எங்க விட்டீங்க? ஓம், நெருப்பு. நியாயத்தீர்ப்பு நாள். அது வருகுது எண்டு எனக்குச் சொல்ல வேண்டியது உங்கட கடமை, சொல்லாம விட்டா என்ட பழிய ஆண்டவர் உங்கட கையில கேப்பார். அதானே? நல்ல சட்டம் தம்பி. எங்கட ஊருக்கும் அப்பிடி ஒரு சட்டம் இருந்திருக்க வேணும். அண்டைக்கு விடியக்குள்ள ஆமி வயல் வட்டைக்குள்ளால வந்ததக் கண்டவங்க எத்தினையோ பேர். ஒருத்தரும் வந்து கதவத் தட்டல்ல. என்ட மகன் அழகரத்தினம் பாயில நித்திரையாக் கிடந்தான்.

அத விடுங்க, நீங்க சொல்லுங்க. எல்லாச் சனத்தையும் ஒரு இடத்துக்குக் கூட்டி ரெண்டாப் பிரிப்பாராம். செம்மறி வலப்பக்கம், வெள்ளாடு இடப்பக்கம். வெள்ளாடு என்ன பாவம் தம்பி செஞ்சிச்சு? நானும் வெள்ளாடு வளத்தவள்தான். வேலியத் திண்டதத் தவிர ஒரு குற்றமும் சொல்ல ஏலாது.

சிரிப்பு வரல்லயா? சரி. எங்களுக்கு இது புதுசில்ல. பள்ளிக்கூட வளவுக்குள்ள எங்களையும் கூட்டி வைச்சுத்தான் பிரிச்சவங்க. ஜீப்புக்குப் பக்கத்தில கதிரை போட்டு ஒருத்தன இருத்தி, தலையில சாக்கப் போட்டு மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. தலையாட்டி எண்டு சொல்லுவம். நீங்க டவுன் ஆள், கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்கட சனத்திலயே ஒருத்தனப் புடிச்சு, அடிச்சு, ஆள் காட்டித்தா எண்டு கொண்டந்து இருத்துறது. பொடியனுகள் அவனுக்கு முன்னால வரிசையாப் போகவேணும். அவன் சும்மா இருந்தா வலப்பக்கம், வீட்ட போகலாம். தலைய ஆட்டினா இடப்பக்கம், லொறி.

அழகரத்தினம் போகக்குள்ள சாக்கு ஆடிச்சு. தோணியும் வலையுமாக் கிடந்தவன் தம்பி, இயக்கத்துக்குப் போற வழியும் அவனுக்குத் தெரியா. லொறியில ஏறக்குள்ள என்னத் திரும்பிப் பாத்தான். எனக்குக் கத்த ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு நான் ஏறி இறங்காத ஆமிக் காம்ப் இல்ல. அப்பிடி ஒரு ஆளே இல்லையாம். வயிறு பத்தி எரியுது தம்பி. நீங்க என்னடா எண்டா நெருப்பு இனித்தான் வரும் எண்டுறீங்க.

ஒண்டு கேக்கன். உங்கட ஆண்டவர் தீர்ப்புச் சொல்லக்குள்ள முகத்தக் காட்டுவாரா? ஓமா, காட்டுவாரா? நீ என்ன செஞ்சாய் எண்டு கேட்டுப்போட்டுத்தான் சொல்லுவாரா? அப்ப நான் என்னத்துக்குப் பயப்புட? அவர் எவ்வளவோ மேல்.

நீங்களும் முந்திப் பெரிய பாவியா இருந்தனீங்க எண்டு சொன்னீங்க. குடியா எண்டு கேட்டதுக்குக் குனிஞ்சுக்கொண்டீங்க. சரி, அது உங்கட விசயம்.

என்ன, எழும்பப் போறீங்களா? தேத்தண்ணி அப்பிடியே கிடக்கே. இருங்க. சொல்லாம விட்டாப் பழி எண்டீங்கல்லா, நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லிப்போட வேணும். இனி இந்தப் பக்கம் வாறதெண்டா செருப்போட வராதீங்க, சப்பாத்துப் போட்டு வாங்க. அண்டைக்குப் பொம்பிளையள எல்லாம் தலையக் குனிஞ்சு இருக்கச் சொன்னவங்க. என்ட புள்ள போகக்குள்ள மட்டும்தான் நான் நிமிந்தன், மத்த நேரமெல்லாம் நாங்க காலுகளத்தான் பாத்துக்கொண்டு இருந்தம். சாக்குக்குள்ள இருந்தவன்ட இடக்காலில பெருவிரலுக்கு மேல பக்கத்து விரல் ஏறிக் கிடந்திச்சு. நீங்க வரக்குள்ள கால் கழுவத் தண்ணி ஊத்தினனே, அப்ப கண்டன்.

நான் மட்டும் இல்ல, சின்னத்தங்கமும் அண்டைக்குப் பாத்தவள். துறையடியில கடை வைச்சிரிக்காள். அவள்ட தம்பி இப்ப இயக்கத்தில. நீங்க அந்தக் கடையத் தாண்டித்தான் போகவேணும்.

செருப்பத் தேடாதீங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. உங்களையும் அடிச்சுத்தான் இருத்தியிருப்பாங்க, அது எனக்கு விளங்குது. விளங்கினாப்போல மனம் ஆறுமா? மன்னிப்பு எல்லாம் அவருட்டயே கேளுங்க, என்னட்ட அது இல்ல. எனக்கு ஒண்டு மட்டும் வேணும். அந்த லொறி எங்க போனது? நீங்களும் அவங்கட காம்புக்குள்ளதானே கிடந்தனீங்க. என்ட புள்ள உசிரோட இரிக்கானா?

தலைய ஆட்டாதீங்க தம்பி. வாயால சொல்லுங்க.