காலியா இருந்த மூணு கட்டம்

…ஆட்டாத நெவில், கையை ஆட்டாத! வேலிக் கம்பி கிழிச்சு ஏழு தையல் போட்டிருக்கு, இன்னும் கன்னுக்குட்டி மாதிரி திமிர்றியே. நான் கட்டு போடற வரைக்கும் சும்மா உக்காரு. எங்க விட்டேன்? ஆங்… அந்த மூணு பேரு. நேத்து சிட்னியிலேர்ந்து வந்து குதிச்சாங்களே, நம்ம ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் இருக்கணுமா போகணுமான்னு முடிவு பண்ற மகராசங்க. முன்னெல்லாம் ஆறு மாசம் முன்னாடியே தேதி சொல்லுவாங்க. நாமளும் கல்யாண வீடாட்டம் துடைச்சு வெச்சிருப்போம். இப்ப? முதல் நாள் காலைல ஒரு போன். ‘நாளைக்கு வர்றோம்.’ அவ்ளோதான்! தினசரி நிஜமா எப்படி நடக்குதுன்னு பாக்கணுமாம். நிஜமாம் நிஜம்! சனிக்கிழமை ராத்திரி பப்ல அடிதடி முடிஞ்சு நாலு பேரு உடைஞ்ச மண்டையோட வருவானுங்கள்ல, அப்ப வரச் சொல்லு, நிஜத்தைக் காட்டறேன்.

போன் வந்ததும் நம்ம மேனேஜர் கிரெய்கைப் பாக்கணுமே நீ! வால்ல தீ வெச்ச பூனை. உடைஞ்ச சக்கர நாற்காலி, கால் ஆடற கட்டில், எல்லாத்தையும் தன் வண்டியில ஏத்தி ஃபுட்பால் கிளப்புக்குப் பின்னாடி கொண்டு போய் ஒளிச்சு வெச்சாரு. மறுநாள் கிளப்புக்காரன் போன் பண்றான், ‘உங்க கட்டில்ல எங்க கோச் தூங்கறாரு, எழுப்பட்டுமா?’ன்னு. தூ!

அப்புறம் சமையல்கார டொரீன். கை கழுவ வேண்டிய அஞ்சு சமயம் எதெதுன்னு அவளுக்கும் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. ஆய்வுக்காரன் கேட்டிருக்கான். இவ சொன்னாளாம், ‘சமைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. மத்த நாலும் என் சொந்த விஷயம்’னு. அவன் அதையும் எழுதிக்கிட்டான், நெவில்! தலையாட்டிக்கிட்டே எழுதிக்கிட்டான்!

சிரிக்க மாட்டியா? சரி, சிரிக்காத. உனக்கு இன்னிக்கு சிரிப்பு வராது, தெரியும்.

நீ கைக்கு மட்டும் வரலன்னும் தெரியும். உன் பொண்ணுக்காக வந்திருக்கே. ஆனா சொல்றேன் கேளு, பிரையனிக்குக் கொஞ்சமாச்சும் சாமர்த்தியம் வேணும். நர்ஸா வந்து ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள அரிச்சந்திரனுக்குப் பேத்தி மாதிரி! நெஞ்சு நின்னு போனவங்களுக்கு ஷாக் குடுக்கற மெஷின் வெச்ச வண்டி இருக்கில்ல, தினம் அதை சோதிச்சுட்டு ஒரு தாள்ல, கட்டத்துக்குள்ள இனிஷியல் போடணும். வந்த மூணு பேர்ல ஒருத்தி, கண்ணாடிக்காரி, தாளைப் புரட்டறா. ஜனவரி பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது. மூணு கட்டத்துலயும் பி.கே., பிரையனியோட இனிஷியல். ‘நீதான் சோதிச்சியா?’ன்னு கேக்கறா. ஆமான்னு ஒரு வார்த்தை! முடிஞ்சுது கதை! இவ என்ன சொல்றா? ‘அந்த மூணு நாளும் காட்டுத்தீ, ஊரையே காலி பண்ணிட்டாங்க, ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்துது’ங்கறா! ‘அப்ப இது யார் எழுத்து?’ன்னா, தெரியாதாம்.

கண்ணாடிக்காரி கிரெய்கைப் பாக்கறா, கிரெய்க் கூரையைப் பாக்கறாரு. சாயங்காலமே பொண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அவ போட்ட பொய்க் கையெழுத்துன்னு நர்ஸ் பதிவு பண்ற எடத்துக்கு எழுதப் போறாராம். எழுதினா அவ பதிவே போயிடும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் வாசல்படி ஏத்தாது. இந்தப் பதிவுக்குத்தானே மூணு வருஷம் வீட்டை விட்டு வாகா ஊருக்குப் போய்ப் படிச்சா பாவம்…

ஏன் இப்படிப் பாக்கறே? திட்டவாவது செய்யேன். எப்பவும் இப்படித்தான் நீ, பள்ளிக்கூடத்துலேர்ந்தே… என்ன? நான் கட்டைச் சுத்திச் சுத்தி போட்டுட்டே இருக்கேனா? இருக்கட்டும், கெட்டியா இருந்தா நல்லதுதான்.

அந்தப் போன் வந்துதா… வந்ததும் நான் தாளை எடுத்துப் பாத்தேன். மாசம் பூரா இனிஷியல் இருக்கு, நடுவுல மூணு கட்டம் மட்டும் காலி. டியூட்டி சார்ட்டை எடுத்தேன். அது தீ வர்றதுக்கு முன்னாடி அச்சடிச்சது. மூணு நாளும் பிரையனி பேரு. சரி, மறந்திருப்பா போலன்னு… பேனா கையில இருந்துது.

தீ ஞாபகமே வரல நெவில்! அந்த மூணு நாளும் நான் எங்க இருந்தேன்? பக்கத்து ஊர் மைதானத்துல, உன் பக்கத்துல, உன் செம்மறி ஆட்டு மூத்திர நாத்தத்துல ஊருக்கே டீ போட்டுக்கிட்டு! காலியா விட்டிருந்தா அதுதான் சரி. கூறுகெட்டவ, நானே கொண்டு போய் ரொப்பி வெச்சேன்.

அவளுக்கு என் எழுத்து தெரியும். வந்த நாள்லேர்ந்து என் கிறுக்கலைப் படிச்சுத்தான் வேலை பாக்கறா. தெரிஞ்சுதான் தெரியாதுன்னா. நேத்து ராத்திரி பூரா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல, போ.

யோவ், எங்க எந்திரிச்சுட்டே? கட்டு முடியல, பாதி தொங்குது! அந்த ரூமுக்குப் போகாத, மூணு பேரும் உள்ளதான் இருக்காங்க, பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவாங்க, அதுவரைக்கும்… நெவில்! முப்பத்தோரு வருஷ நர்ஸ் சர்வீஸ்யா எனக்கு! ஆகஸ்ட்ல ரிட்டயர்மென்ட்… என்னத்தைச் சொல்லப் போறே நீ, நான் உங்கிட்ட சொன்னதையா?

தட்டிட்டியா? கதவைத் தட்டிட்டியே…

தள்ளு. தள்ளுய்யா அப்படி. போட்டவ நான், நானே சொல்லிக்கறேன். நீ இங்க நிக்காத. பிரையனிக்குப் போன் பண்ணு, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உடனே வரச் சொல்லு. என்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டா மத்தியானத்துக்கு வார்டுல ஆள் இருக்காது.